இமை தொங்கும் நோய், தைமஸ் கட்டி, வைரஸ் சந்தேகம்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் என்ன செய்யலாம்

காலையில் எழும்போது எல்லாம் சரியாக இருக்கும். மதியத்துக்கு மேல் ஒரு கண் இமை மெல்ல இறங்கும். சாயங்காலம் பஸ் போர்டு இரண்டிரண்டாகத் தெரியும். சாப்பிட உட்கார்ந்த புதிதில் நன்றாக மெல்லும் தாடை, பாதித் தட்டு காலியாவதற்குள் அசந்துவிடும். கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் மறுபடி தெம்பு வரும். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோயின் முகம் இதுதான். உழைக்க உழைக்கக் குறைவதும், ஓய்வெடுத்தால் திரும்புவதும் இதன் தனி அடையாளம்.

நோய் பெயர் தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "போன வருஷம் அந்த வைரஸ் காய்ச்சல் வந்துச்சே, அதுல இருந்துதான் இப்படி" என்பது. அந்தச் சந்தேகம் முட்டாள்தனமானது இல்லை. ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாக அதே கேள்வியைத்தான் துருவுகிறார்கள். ஆனால் வந்துபோன வைரஸைத் தேடிச் செலவழிக்கும் பணத்தையும் நாட்களையும் விட, அடுத்து வரப்போகும் வைரஸ் காய்ச்சலுக்குத் தயாராவதில்தான் உயிர் காக்கும் பலன் இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நரம்பின் நுனியிலிருந்து அசிடைல்கோலின் என்ற ரசாயனம் வெளியேறி, தசையில் இருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். இந்த நோயில் நம் உடம்பின் எதிர்ப்பொருட்களே, அதாவது ஆன்டிபாடிகளே, அந்த ஏற்பியை அடைத்து அழித்துவிடுகின்றன. கை, கால், விழுங்குதல் எல்லாம் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இந்த ஆன்டிபாடி ரத்தத்தில் தெரியும். கண் மட்டும் பாதித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் தெரியும். ஆகவே "ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை" என்பதை வைத்து நோயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும் ஒரு தொடர்பு உண்டு. கட்டுவிரியன் இனத்தின் விஷத்தில் உள்ள ஒரு புரதம் இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. தைவானில் வாழும் கட்டுவிரியன் ஒன்றின் விஷத்தைத் தூண்டில் போலப் பயன்படுத்தித்தான் விஞ்ஞானிகள் இந்த ஏற்பியை அடையாளம் கண்டு பிரித்தெடுத்தார்கள். 1973ல், மின்விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பியை முயலுக்கு ஊசியாகப் போட்டபோது, முயலுக்கும் இதே தசைச் சோர்வு வந்தது. நோயின் வேர் எதிர்ப்பு சக்தியில் இருக்கிறது என்பது அப்போதுதான் துலங்கியது.

தைமஸ் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறக் கொழுப்பாகக் கரையும். எதிர்ப்பு சக்தியின் டி செல்களுக்குப் பள்ளிக்கூடம் அதுதான்: எது சொந்த உடம்பு, எது அந்நியம் என்ற பாடம் அங்கே நடக்கிறது. மயஸ்தீனியா உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு இந்தச் சுரப்பியில் தைமோமா என்ற கட்டி இருக்கும். இளவயதில் நோய் வந்த பெண்கள் பலருக்குக் கட்டி இல்லாமல் சுரப்பி மட்டும் வீங்கியிருக்கும். தைமோமா உள்ளவர்களைக் கணக்கெடுத்தால் மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா இருக்கும்.

வைரஸ் மேல் என்ன சாட்சி இருக்கிறது

முதல் சந்தேக நபர் எப்ஸ்டீன் பார் வைரஸ். 2010ல் மிலான் நகர ஆய்வாளர்கள், நோயாளிகளின் தைமஸில் இருந்த, ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களுக்குள் இந்த வைரஸின் தடயத்தைக் கண்டதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே வேறு ஐரோப்பிய குழுக்கள் தேடிப் பார்த்து, அப்படி எதுவும் தெரியவில்லை என்றன. இந்த வைரஸ் உலகில் வயதுவந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கிறது. உங்கள் ரத்தத்தில் அதன் ஆன்டிபாடி இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதேதான் வரும். நோயின் காரணத்தை அது சொல்லாது. மூளை, தண்டுவடத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் விஷயத்தில் 2022ல் இதே வைரஸ் மேல் வலுவான ஆதாரம் வந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மயஸ்தீனியாவுக்கும் அப்படியே பொருத்துவது தவறு. இரண்டும் வேறு நோய்கள்.

அடுத்த சாட்சி இன்னும் சுவாரசியமானது. குறிப்பிட்ட ஒரு வைரஸைக் காட்டாமல், வைரஸ் வந்தால் உடம்பு எழுப்பும் அபாய மணியைக் காட்டுகிறது. வைரஸின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் போல நடிக்கும் ஒரு செயற்கைப் பொருளை பாரிஸ் ஆய்வாளர்கள் எலிகளுக்குச் செலுத்தினார்கள். இன்டர்ஃபெரான் பீட்டா என்ற சமிக்ஞை மூலம் தைமஸ் செல்கள் தசை ஏற்பியின் துண்டுகளைக் கூடுதலாகத் தயாரித்தன. பிறகு எலிகளின் ரத்தத்தில் அந்த ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி உருவானது. நோயாளிகளின் தைமஸிலும் இதே இன்டர்ஃபெரான் சமிக்ஞை தூக்கலாக இருக்கிறது. கல்லீரல் அழற்சிக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட சிலருக்கு மயஸ்தீனியா தலைகாட்டியதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. ஆக, வைரஸ் காய்ச்சலைப் பழிக்கும் நம் வீட்டுப் பேச்சில் ஒரு பொறி உண்மை இருக்கலாம். ஆனால் எந்த வைரஸ் வேண்டுமானாலும் அந்த மணியை அடிக்கலாம். அடித்த கை எது என்று பல மாதங்கள் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது.

கட்டி விஷயம் வேறு. 2015ல் வெளியான ஓர் ஆய்வில், சோதித்த தைமோமாக்களில் பாதிக்கும் மேல் மனித பாலியோமா வைரஸ் 7 தென்பட்டது. கட்டி இல்லாமல் வீங்கிய தைமஸ்களிலும் ஓரளவு தென்பட்டது. கட்டிக்குள் வைரஸ் குடியிருப்பதும், வைரஸ் கட்டியை உண்டாக்குவதும் ஒன்றாகிவிடாது. இன்னொரு பக்கம், ஏ, ஏபி வகைத் தைமோமாக்களில் ஜிடிஎஃப்2ஐ என்ற மரபணுவில் ஒரே இடத்தில் பிழை இருப்பது 2014ல் தெரிந்தது. அது பிறவியில் வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போவதில்லை. தைமோமா தொற்றுநோயும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைக் கொஞ்சலாம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நடைமுறைக்குக் கிடைப்பது இது: காரணம் தேடி எப்ஸ்டீன் பார், ஹெர்பிஸ், பாலியோமா என்று வைரஸ் பேனல் எடுக்க வேண்டாம். எந்த முடிவு வந்தாலும் சிகிச்சை மாறாது. வைரஸ் எதிர்ப்பு மருந்தால் மயஸ்தீனியா குணமாவதுமில்லை. ஆனால் மூன்று வைரஸ் பரிசோதனைகளைக் கட்டாயம் எடுக்க வேண்டும்: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஸ்டீராய்டு, அசாதயோபிரின், ரிட்டுக்ஸிமாப் போன்றவை எதிர்ப்பு சக்தியை அடக்கும்போது, தூங்கிக்கொண்டிருந்த ஹெபடைடிஸ் பி கிளம்பிக் கல்லீரலைத் தாக்கலாம். காசநோய்க்கான நெஞ்சுப் படமும் அதே நேரத்தில் வேண்டும்.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில்

இந்த நோயின் பெரிய சிக்கல், காலை ஓ.பி.யில் டாக்டர் பார்க்கும்போது நோயாளி நன்றாக இருப்பது. ஐந்து மணி நேரம் வரிசையில் நின்று, "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்ற வார்த்தையோடு திரும்பி வரும் குடும்பங்கள் உண்டு. அதனால் சாட்சியைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் முகத்தை நேராக போனில் படம் எடுங்கள். மூன்று நாள் போதும். பிறகு ஒரு வீடியோ: தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்தி 60 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். இமை மெல்ல மெல்ல இறங்கினால் அந்த ஒரு நிமிட வீடியோ பத்துப் பக்கம் விளக்கத்துக்குச் சமம். இரண்டு கைகளையும் தோள் உயரத்தில் நீட்டி எத்தனை விநாடி தாங்குகிறார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இமை இறங்கியிருக்கும் நேரத்தில் ஐஸ் சோதனை செய்யலாம். ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி, மூடிய இமை மேல் சரியாக 2 நிமிடம் வையுங்கள். எடுத்த உடனே, பத்து விநாடிக்குள், படம் எடுங்கள். இமை 2 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால் மயஸ்தீனியா சந்தேகம் வலுக்கிறது. குளிரில் அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதி மெதுவாக வேலை செய்வதே காரணம். சோதனை தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: இமை இறங்காத காலை நேரத்தில் செய்வது, ஐஸை எடுத்த பிறகு போனைத் தேடிக்கொண்டு நிற்பது.

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ராத்திரி தரையில் படுத்தவர் விடியற்காலையில் இமை தூக்க முடியாமல், வயிற்று வலி, தொண்டை அடைப்போடு எழுந்தால் அது கட்டுவிரியன் கடி என்று வைத்துக்கொண்டே ஓடுங்கள். பல் தடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மயஸ்தீனியா விடியலில் நன்றாக இருந்து மாலையில் மோசமாகும். கட்டுவிரியன் நேர்மாறாக வரும். இன்னொன்று, இந்தப் பக்கத்துக் கிணற்று நீர், போர் தண்ணீரின் ஃபுளோரைடு. மூட்டு விறைப்பு, முதுகு வலி, எலும்பு வலி அதனால் வரும். இமை தொங்குவதும் இரட்டைப் பார்வையும் அதனால் வராது. "ஃபுளோரைடு தண்ணிதான்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது.

எங்கே போவது, என்ன கேட்பது

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதல் மதிப்பீடு, நெஞ்சு சி.டி., மூச்சு மோசமானால் அவசர சேர்க்கை இவற்றுக்கு அங்கே போங்கள். நரம்பு மருத்துவச் சிறப்புப் பரிசோதனைகளுக்கு தர்மபுரிக்காரர்களுக்கு சேலம் கிட்டே. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூரு ஓசூர் ரோட்டில் இருக்கும் நிமான்ஸ் என்ற மத்திய அரசின் மன, நரம்பு நல மருத்துவமனை. தைமஸ் அறுவைக்கு நெஞ்சறுவை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், செயற்கை சுவாசக் கருவியுடன் ஐ.சி.யூ. மூன்றும் உள்ள இடமாகப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதாரோடு அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள்.

மூன்று பரிசோதனைகளை நினைவில் வையுங்கள். அசிடைல்கோலின் ஏற்பி ஆன்டிபாடி முதலில். அது இல்லை என்று வந்தால், மஸ்க் என்ற இன்னொரு தசைப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி. அடுத்தது நரம்பை விநாடிக்கு 3 முறை வீதம் தூண்டிப் பார்க்கும் சோதனை. தசையின் பதில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்துகொண்டே போனால் நோய் உறுதியாகிறது. ஏ.சி. அறையில் கை சில்லென்று இருந்தால் இந்தச் சோதனை தப்பாக நார்மல் காட்டும். ஐஸ் வைத்தால் இமை உயர்ந்த அதே காரணம்தான். உள்ளே போகும் முன் கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துத் தசைக்குத் தெம்பு தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் 12 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் இருப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

மூன்றாவது நெஞ்சு சி.டி. மயஸ்தீனியா உறுதியான ஒவ்வொருவருக்கும், கண் மட்டும் பாதித்திருந்தாலும், இது வேண்டும். சாதாரண எக்ஸ்ரே சின்னத் தைமோமாவைத் தவறவிடும். "எக்ஸ்ரே எடுத்தாச்சு, கட்டி இல்ல" என்பது போதாது.

கட்டி இருந்தால், மயஸ்தீனியா லேசாக இருந்தாலும் அதை எடுப்பதே வழக்கம். முழுதாக எடுக்கக்கூடிய கட்டியில் முன்னதாக ஊசி குத்திச் சதை எடுப்பதை அறுவை நிபுணர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள், உறை கிழிந்தால் நெஞ்சுக்குள் பரவும் என்பதால். கட்டி இல்லாவிட்டாலும் தைமஸை எடுப்பதில் பலன் உண்டா என்பதற்கு 2016ல் விடை கிடைத்தது. ஏற்பி ஆன்டிபாடி உள்ள 126 பேரை 3 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், தைமஸ் எடுத்தவர்களுக்குத் தசை பலமும் கூடியது, ஸ்டீராய்டு தேவையும் குறைந்தது. பலன் மெல்ல, பல மாதங்களில்தான் வரும். அறுவை முடிந்த வாரமே மாத்திரையை விட்டுவிடுவது ஆபத்து. தைமோமா பத்து ஆண்டு கழித்தும் திரும்பலாம், சி.டி. தேதிகளை காலண்டரில் குறித்து வையுங்கள்.

மாத்திரையும் களியும்

பைரிடோஸ்டிக்மின் வேலை செய்ய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். 3, 4 மணி நேரம் நிற்கும். மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுபவர் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்பு போட்டால், தட்டின் முன் உட்காரும்போது தாடைக்குத் தெம்பு இருக்கும். சாப்பிட்டு முடித்துப் போடும் மாத்திரை அந்த வேளைக்கு உதவாது. மாத்திரை ஈரத்தை உறிஞ்சும். அது வந்த டப்பாவிலேயே இறுக மூடி வையுங்கள்.

நம் பக்கத்து ராகிக் களியை மெல்லாமல் உருட்டி அப்படியே விழுங்குவது பழக்கம். தொண்டைத் தசை தளர்ந்தவருக்கு அந்த உருண்டை பாதியில் நின்றுவிடும். நோய் கட்டுக்குள் வரும்வரை களியை விட்டு, கெட்டியான ராகிக் கூழாகக் கொடுங்கள். ரொம்பத் தண்ணீராகவும் வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் சற்றுத் தாழ்த்தி, ஒரு வாய் முழுசாக இறங்கிய பிறகே அடுத்த வாய்.

பூச்சி மருந்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். பைரிடோஸ்டிக்மின் தடுக்கும் அதே நொதியைத்தான் குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட், புரோபெனோபாஸ் போன்ற மருந்துகளும் தடுக்கின்றன. மா பூக்கும் மாதங்களிலும் தக்காளித் தோட்டத்திலும் இவற்றை அடிக்கும்போது, மாத்திரை சாப்பிடுபவர் டேங்கைத் தோளில் மாட்டவே கூடாது. அன்றைக்கு அந்தத் தோப்புப் பக்கமும் போக வேண்டாம். எச்சில் ஒழுகுதல், வியர்வை, பேதி, தசை துடித்தல் என்று தொடங்கினால் "நோய் கூடிவிட்டது" என்று எண்ணி இன்னொரு மாத்திரை போடாதீர்கள். மருந்து மிகுந்தாலும் தசை தளரும். உடனே மருத்துவமனை.

ஸ்டீராய்டு தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் தசைச் சோர்வு முதலில் கூடி, பிறகு குறையலாம். அந்த நாட்களில் தனியாக விடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் கூடாது. சர்க்கரையும் பிரஷரும் ஏறும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த காய்ச்சல் வரும்போது

மூச்சு நின்றுபோகும் அளவுக்கு நோய் முற்றுவதைத் தூண்டுவதில் தொற்றுக்குத்தான் முதலிடம். சளிக் காய்ச்சலே போதும். அதோடு மெடிக்கல் கடையில் "காய்ச்சல் மாத்திரை குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் சேர்ந்தால் இரட்டை அடி. அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், அமிகாசின் இவை நரம்பு தசை இணைப்பை இன்னும் பலவீனப்படுத்தும். குளோரோகுயின், குயினைன், பிரஷருக்கான புரோப்பிரனலால், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு, முகத்துக்குப் போடும் போட்டாக்ஸ் ஊசி, ரத்தக்குழாய் வழி ஏற்றும் மெக்னீசியம் இவையும் அதே பட்டியல். வேறு வழியில்லாமல் டாக்டர் சிலவற்றைக் கொடுக்க நேரலாம். அது மருத்துவமனைக் கண்காணிப்பில் நடக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம்.

ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி பர்ஸில் வையுங்கள்: "எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ். பைரிடோஸ்டிக்மின் இத்தனை மில்லிகிராம், இத்தனை வேளை. ஸ்டீராய்டு இத்தனை. தைமஸ் எடுத்தது எந்தத் தேதி. இந்த மருந்துகள் கூடாது: (மேலே உள்ள பட்டியலை அப்படியே எழுதுங்கள்). மூச்சுத் திணறினால் ஐ.சி.யூ. தேவை." வீட்டில் ஒருவரின் போன் நம்பரும் இருக்கட்டும்.

காய்ச்சல் நாட்களில் காலை, மாலை ஒரு மூச்சில் எண்ணும் சோதனை செய்யுங்கள். நன்றாக மூச்சை இழுத்து, சாதாரணக் குரலில், விநாடிக்கு இரண்டு எண் வீதம் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் நாளில் எவ்வளவு வரும் என்று முன்பே குறித்திருக்க வேண்டும். 20ஐத் தொட முடியாவிட்டால், அல்லது படுத்தால் மூச்சு முட்டினால், இருமலுக்கு வலு இல்லாவிட்டால், எச்சிலை விழுங்க முடியாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 97 காட்டுகிறதே என்று காத்திருக்காதீர்கள். மூச்சுத் தசை தளரும்போது அந்த எண் கடைசியில்தான் விழும்.

மருத்துவமனையில் ஐ.வி.ஐ.ஜி. என்ற, மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து, கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் வழக்கமாக 5 நாட்களில் ஏற்றப்படும். அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவார்கள். இரண்டுமே ஆன்டிபாடியை அடக்கும் தற்காலிக ஏற்பாடு, சில வாரங்கள் தாங்கும்.

ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளலாம், போட வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகள் ஆகாது.

கர்ப்பிணிக்கு இந்த நோய் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியும் அன்றே நர்ஸம்மாவிடம் சொல்லி, தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். பிரசவ நேரத்தில் பிரஷர் ஏறி வலிப்பு பயம் வந்தால் எல்லா இடத்திலும் முதலில் எடுப்பது மெக்னீசியம் சல்ஃபேட் ஊசியைத்தான். இந்தத் தாய்க்கு அது மூச்சை நிறுத்திவிடக்கூடும். ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகப் போவதால், 10 முதல் 15 சதவீதம் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் பால் குடிக்கத் தெம்பில்லாமல், அழுகை மெலிந்து போகும். சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும்; அதுவரை குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையிலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.